தெரிவுப் பட்டியல் எதை அளக்கிறது? நெடுங்கேணி மைதானத்திலிருந்து சில கேள்விகள்

நெடுங்கேணியில் மாலை நாலரை மணிக்குப் பிறகுதான் மைதானத்தில் நிற்கக்கூடிய அளவுக்கு வெயில் தணியும். நான் போயிருந்த அன்று 14 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணிக்கான தெரிவு நடந்துகொண்டிருந்தது. முப்பது பையன்களுக்கு மேல் வந்திருந்தார்கள். அரைவாசிப் பேருக்குச் சப்பாத்து இல்லை. இருந்தவர்களிலும் இரண்டு பேர் ஒரு சோடியை ஆளுக்கொரு கால் என்று பங்கிட்டுப் போட்டிருந்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் அவர்களை அணிகளாகப் பிரித்து இருபது நிமிடம் ஆடவிட்டார். பிறகு ஆட்களை மாற்றி இன்னொரு இருபது நிமிடம். ஆறு மணிக்குள் அவரது கொப்பியில் பதினெட்டுப் பெயர்கள் ஏறிவிட்டன.

அந்த நாற்பது நிமிடத்தில் நான் இரண்டு பையன்களைத்தான் அதிகம் பார்த்தேன். ஒருவன் மற்றவர்களை விட ஒரு தலை உயரம். பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடுவான், எவராலும் பிடிக்க முடியாது. மூன்று கோல் போட்டான். மற்றவன் அவனுடைய தோள் அளவுகூட இல்லை. ஆனால் பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்துக்கொள்வான். வந்த பந்தை ஒரே தொடுகையில் சரியான ஆளுக்கு அனுப்புவான். பெரியவர்கள் தோளால் இடித்தால் விழுந்துவிடுவான். கோல் எதுவும் போடவில்லை.

உயரமானவனின் பெயர் பட்டியலில் முதலாவது. சின்னவனின் பெயர் இல்லை.

இருவரிடமும் பிறந்த திகதியைக் கேட்டேன். ஒருவன் ஜனவரி மாதம். மற்றவன் அதற்கடுத்த வருடம் நவம்பர். இருவரும் ஒரே வயதுப் பிரிவில்தான் ஆடுகிறார்கள், ஆனால் இடையில் 22 மாதங்கள். பதின்மூன்று வயதில் 22 மாதம் என்பது ஒரு பையனுக்கும் ஒரு இளைஞனுக்கும் இடையிலான தூரம்.

ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. தனக்குத் தெரியும் என்றார். சின்னவனுக்குத்தான் பந்தின் மீது கண் இருக்கிறது என்பதும் தெரியும் என்றார். ஆனால் வலயப் போட்டி நெருங்கிவிட்டது. முதல் ஆட்டத்தில் தோற்றால் இந்த வருடம் அத்தோடு முடிந்துவிடும். வெல்லக்கூடிய அணியைத்தான் தன்னால் கொண்டுபோக முடியும் என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய பட்டியல், அது கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். கேள்வி இதுதான்: இன்றைக்கு யார் பலசாலி?

அந்தக் கேள்விக்கான பதிலை, நாளைக்கு யார் நல்ல வீரன் என்பதற்கான பதிலாக நாம் எடுத்துக்கொள்கிறோம். உலகம் முழுவதும் இளையோர் விளையாட்டில் நடக்கும் குழப்பம் இது. வன்னியில் அதன் விலை கொஞ்சம் அதிகம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

முதலில் பிறந்த மாதக் கணக்கைப் பார்ப்போம். 1980களில் கனடாவில் றோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் தன் மனைவியுடன் இளையோர் ஐஸ் ஹொக்கி ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தார். அங்கே கொடுத்த கையேட்டில் வீரர்களின் பிறந்த திகதிகள் இருந்தன. அதை வாசித்துக்கொண்டிருந்த மனைவிதான் முதலில் கவனித்தார்: ஏன் இத்தனை பேர் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் பிறந்திருக்கிறார்கள்? பார்ன்ஸ்லி வீட்டுக்குப் போய் மற்ற அணிகளின் விபரங்களையும் எடுத்துப் பார்த்தார். தெரிந்தெடுக்கப்பட்ட இளையோர் அணிகளில் சுமார் 40 சதவீதமானோர் வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் 10 சதவீதம் அளவில்தான். கனடாவில் வயதுப் பிரிவு ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. பிறகு வந்த ஆய்வுகள் உதைபந்தாட்டத்திலும் இதையே கண்டன. திகதியை மாற்றினால் மாதமும் மாறும். வயதுப் பிரிவு செப்டெம்பரில் தொடங்கும் இடத்தில் செப்டெம்பர் பிள்ளைகள் முன்னுக்கு நிற்பார்கள்.

ஜனவரிப் பிள்ளைக்குத் திறமை கூட என்று இதற்கு அர்த்தமில்லை. ஒன்பது, பத்து வயதில் அவன் கொஞ்சம் பெரியவன், அதனால் தெரிவாகிறான். தெரிவானதால் நல்ல பயிற்சியும் அதிக ஆட்டங்களும் கிடைக்கின்றன. அவை கிடைத்ததால் பதினைந்து வயதில் உண்மையிலேயே நல்ல வீரனாகிவிடுகிறான். அப்போது எல்லோரும் சொல்வார்கள், பார்த்தீர்களா, அன்றைக்கே நாங்கள் சரியாகத்தான் தெரிந்தெடுத்தோம் என்று. பட்டியல் தானே தன்னை உண்மையாக்கிக்கொள்கிறது.

எங்கள் பாடசாலை விளையாட்டில் வயதுப் பிரிவுகள் 14, 16, 18, 20 என்று இரண்டு வருட இடைவெளியில் இருக்கின்றன. கனடாவின் ஒரு வருடச் சிக்கல் இங்கே இரண்டு வருடச் சிக்கலாகிறது. வன்னிக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. போரின் கடைசி வருடங்களில் இடப்பெயர்வுக்குள்ளும் பதுங்குகுழிகளுக்குள்ளும் பிறந்த பிள்ளைகள் பலருக்குப் பிறப்புப் பதிவு பிந்தித்தான் நடந்தது. முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகு, நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று பெற்றோர் எடுத்த அத்தாட்சிப் பத்திரங்கள் அவை. அந்தப் பிள்ளைகள் இப்போது மூத்த வயதுப் பிரிவுகளில் ஆடுகிறார்கள், அல்லது ஆடி முடித்துவிட்டார்கள். அவர்கள் வளர்ந்த முதல் ஆயிரம் நாட்களில் என்ன சாப்பிட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கஞ்சி. அந்த நாட்களின் போசாக்கு ஒரு பிள்ளையின் உயரத்தில் வாழ்நாள் முழுவதும் நிற்கும். உயரத்தைப் பார்த்து ஆள் எடுக்கும் தெரிவு, அந்தக் கஞ்சியையும் சேர்த்தே அளக்கிறது.

தரவரிசைப் போடுவதை ஒரு தொழிலாகவே செய்யும் நாடு அமெரிக்கா. அங்குள்ள கல்லூரி உதைபந்தாட்டம் நாங்கள் விளையாடுவதல்ல, நீள்வட்டப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். கனடாவிலோ அமெரிக்காவிலோ பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே சுமார் 10 இலட்சம் பையன்கள் உயர்தரப் பாடசாலைகளில் இதை ஆடுகிறார்கள். பல்கலைக்கழகங்கள் அவர்களில் சிறந்தவர்களைப் புலமைப்பரிசில் கொடுத்து அழைக்கின்றன. யார் சிறந்தவர் என்று சொல்வதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பையனுக்கும் இரண்டு முதல் ஐந்து நட்சத்திரம்வரை கொடுப்பார்கள். ஐந்து நட்சத்திரம் வருடத்துக்கு முப்பது பேரளவில்தான் கிடைக்கும். எந்தப் பல்கலைக்கழகம் எத்தனை நட்சத்திரங்களைச் சேர்த்தது என்று இன்னொரு தரவரிசை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ரசிகர்கள் அதைக் கொண்டாடுவார்கள்.

அந்த நாட்டில் பல வருடங்களாக நடக்கும் வாதம் ஒன்று உண்டு. பெரிய அணிகள் வெல்வது நட்சத்திரங்களைச் சேர்த்ததாலா, அல்லது வந்த பையன்களை நன்றாக வளர்த்ததாலா?

பட்டியலுக்கு ஆதரவாகவும் நேர்மையாகப் பேச வேண்டும். சராசரியில் பட்டியல் பொய் சொல்வதில்லை. ஐந்து நட்சத்திரப் பையன் தொழில்முறை வீரனாகும் வாய்ப்பு, இரண்டு நட்சத்திரப் பையனுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். நான்கும் ஐந்தும் நட்சத்திரமுள்ள வீரர்கள் அணியில் பாதிக்கு மேல் இருந்தால்தான் தேசியப் பட்டம் வெல்ல முடியும் என்று பட் எலியட் என்ற எழுத்தாளர் ஒரு கணக்குச் சொல்லி வந்தார். பல வருடங்கள் அது பிழைக்காமல் இருந்தது. ‘பட்டியல் எல்லாம் வெறும் ஏமாற்று’ என்று சொல்பவர்கள் தோற்றவர்களின் ஆறுதலைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அதே பட்டியலில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஐந்து நட்சத்திரம் பெற்றவர்கள் மிகச் சிலர். இரண்டும் மூன்றும் பெற்றவர்கள், ஒன்றுமே பெறாதவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆகவே தொழில்முறை அணிகளை எண்ணிப் பார்த்தால் பெரும்பான்மையானோர் இந்தக் கீழ்ப்பகுதியிலிருந்து வந்தவர்களாகவே இருப்பார்கள். தனியொருவனைப் பற்றிப் பட்டியல் சொல்வது ஊகம். கூட்டத்தைப் பற்றித்தான் அது ஓரளவு சரியாகச் சொல்கிறது.

ஜோஷ் அலனின் கதை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது ஒரு விவசாயக் கிராமத்தின் கதை. கலிபோர்னியாவில் ஃபயர்போ என்ற சிறிய ஊர். பருத்தியும் வெள்ளரிப்பழமும் விளையும் இடம். அவர் ஒரு கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. பாடசாலை முடிக்கும்போது மெலிந்த உடம்பு. எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அவரைக் கேட்கவில்லை. அருகிலிருந்த ஒரு சிறிய கல்லூரியில் ஒரு வருடம் ஆடினார். அங்கிருந்து நாடெங்கும் உள்ள பயிற்றுநர்களுக்கு நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்கள் அனுப்பினார். கடைசியில் வயோமிங் பல்கலைக்கழகம் மட்டும் எடுத்தது. அதற்குள் உயரமும் எடையும் கூடியிருந்தன. 2018இல் பஃபலோ பில்ஸ் அணி அவரை நாட்டிலேயே ஏழாவது ஆளாகத் தெரிவு செய்தது. 2024 பருவத்தில் அந்த லீக்கின் மிகப் பெறுமதி வாய்ந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது.

இப்படியான கதைகளை நாங்கள் ‘விடாமுயற்சி’ என்ற தலைப்பின் கீழ் வாசித்துவிட்டு மறந்துவிடுகிறோம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அவருக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகும் ஆடுவதற்கு ஒரு சிறிய கல்லூரி இருந்தது. பட்டியலில் இல்லாதவனுக்கும் ஒரு மைதானமும் ஒரு பயிற்றுநரும் இருந்தார்கள். மின்னஞ்சல் எழுதுவது அதற்குப் பிறகுதான். நெடுங்கேணிச் சின்னவனுக்கு விடாமுயற்சி இருக்கலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் எங்கே ஆடுவான்?

இந்த விடயம் உதைபந்தாட்டத்தோடு மட்டும் நின்றுவிடுவதல்ல. எங்கள் ஊர்களில் நட்சத்திரம் கொடுப்பதற்கு வேறொரு முறை இருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. 200 புள்ளிகள், மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி. பெறுபேறு வந்த வாரத்தில் பாடசாலை வாசலில் பதாகை ஏறும். வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளை தரம் 6க்கு நகரத்துப் பாடசாலைக்குப் போவான். எட்டு வருடம் கழித்து அவன் உயர்தரத்தில் மூன்று ‘ஏ’ எடுக்கும்போது பதாகை நகரத்தில் ஏறும். அவனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த கிராமத்து ஆரம்பப் பாடசாலை ஆசிரியையின் பெயர் அந்தப் பதாகையில் இருக்காது. அதுகூடப் பரவாயில்லை. நகரத்துப் பாடசாலை அவனுக்கு உண்மையில் எவ்வளவு கூட்டிக் கொடுத்தது என்பதை எவரும் கேட்பதில்லை என்பதுதான் விடயம். 180 புள்ளியோடு வந்தவனை மூன்று ‘ஏ’க்குக் கொண்டுபோவதும், 90 புள்ளியோடு இருந்தவனை இரண்டு ‘பீ’க்கும் ஒரு ‘சீ’க்கும் கொண்டுபோவதும் ஒரே வேலை அல்ல. இரண்டாவது வேலை கடினம். அதற்குப் பதாகை கிடையாது.

விளையாட்டிலும் அதே வழிதான். கிராமத்துப் பாடசாலையில் பதினைந்து, பதினாறு வயதில் ஒருவன் நன்றாக ஆடினால், விடுதியுள்ள நகரத்துப் பாடசாலை ஒன்றுக்கு அவன் போய்ச் சேர்வது வழமை. சாதாரண தரத்துக்குப் பிறகு இது இன்னும் இலகு. போகவேண்டாம் என்று சொல்ல நான் ஆளில்லை. அங்கே புல்லுள்ள மைதானம் இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பாடு இருக்கிறது, ஒரு பருவத்தில் பல ஆட்டங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் இடத்தில் நான் இருந்தால் முதல் பஸ்ஸிலேயே போவேன். ஆனால் அவன் போன பிறகு மிச்சமிருக்கும் பத்துப் பேருக்கு என்ன நடக்கிறது? அணி உடைகிறது. அடுத்த வருடம் வலயத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்கிறது. இரண்டு வருடம் தோற்றால் அணி போவதே நிற்கிறது. ஒருவனை வளர்த்துக் கொடுத்ததற்கு அந்தப் பாடசாலைக்குக் கிடைக்கும் பரிசு இதுதான். ஐரோப்பாவில் ஒரு சிறிய கழகத்தில் வளர்ந்த வீரனைப் பெரிய கழகம் எடுத்தால் அவனை வளர்த்ததற்கென்று ஒரு தொகை கொடுக்க வேண்டும். பீஃபாவின் விதி அது. எங்கள் பாடசாலைகளுக்கு இடையில் ஒரு சோடிப் பந்துகூடத் திரும்பி வருவதில்லை.

போட்டி நடத்தும் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாகப் போகும் போட்டிகள் பெரும்பாலும் தோற்றவர் வெளியேறும் முறையில் நடக்கின்றன. யோசித்துப் பாருங்கள்: பலமான அணிக்கு ஐந்தாறு ஆட்டங்கள் கிடைக்கின்றன, பலவீனமான அணிக்கு ஒன்று. அதாவது யாருக்கு அதிக ஆட்டம் தேவையோ அவர்களுக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. வவுனியா வடக்கின் ஒரு சிறிய பாடசாலைப் பையனுக்கு ஒரு வருடத்தின் உத்தியோகபூர்வ உதைபந்தாட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடலாம். அதற்காக அவன் காலை ஐந்தரைக்கு எழும்பி, புளியங்குளம் சந்திக்கு வந்து, பஸ் மாறிப் போயிருப்பான். தோற்றவர்களும் தங்களுக்குள் ஆடும் ஒரு சிறிய லீக் முறை வைத்தால் செலவு கொஞ்சம் கூடும். ஆனால் ஆட்டங்கள் மூன்று நான்கு மடங்காகும். வளர்ச்சி என்று நாங்கள் பேசுவதில் பெரும்பகுதி இவ்வளவுதான்: ஆடுவதற்கு ஆட்டம் இருப்பது.

மீதி, சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பது. இங்கேதான் நெடுங்கேணியின் கதை மற்ற ஊர்களிலிருந்து பிரிகிறது.

பயிற்றுநர்கள் வானத்திலிருந்து வருவதில்லை. ஒரு காலத்தில் ஆடியவர்கள்தான் பிறகு சொல்லிக்கொடுக்கிறார்கள். 1997 மே மாதம் ஜயசிக்குறு நடவடிக்கையில் இராணுவம் நெடுங்கேணியைக் கைப்பற்றியபோது பதினாறு வயதாக இருந்தவருக்கு இன்று நாற்பதுகளின் நடுப்பகுதி. மற்ற மாவட்டங்களில் அந்த வயதுக்காரர்தான் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர். எங்கள் ஊர்களில் அவர் ஆட வேண்டிய வருடங்களில் இடம்பெயர்ந்துகொண்டிருந்தார், அல்லது களத்தில் இருந்தார். 1999 நவம்பரில் ஊர் மீண்டும் கைமாறியது. 2008இல் பதினைந்து வயதாக இருந்தவர்கள், ஏறத்தாழ என் வயதுக்காரர்கள், முல்லைத்தீவுப் பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்து, 2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் முட்கம்பிக்குள் பந்து அடித்தார்கள். இரண்டு தலைமுறைப் பயிற்றுநர்கள் இப்படித்தான் இல்லாமல் போனார்கள். இருப்பவர்களில் சிலருக்குக் கால் இல்லை. நான் பேசிய ஒருவர் ஊன்றுகோலோடு எல்லைக்கோட்டில் நின்று பையன்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். அந்த மைதானத்தில் ஆட்டத்தை அவரைவிட நன்றாக வாசித்தவர் எவரும் இல்லை. அவரிடம் பயிற்றுநர் சான்றிதழ் கிடையாது, ஆகவே எந்தக் கொடுப்பனவும் கிடையாது. தெரிவாகாத பையன்களையும் அவர் நினைவில் வைத்திருந்தார், பெயர் சொல்லிக் கேட்டார்.

பட்டியலை நம்பி ஏமாந்து பிறகு வழியை மாற்றிய நாடு ஒன்றைச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் ஜேர்மனி தன் பிரிவில் கடைசியாக வந்து வெளியேறியது. அதன் பிறகு ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டது: நாங்கள் யாரைப் பார்க்காமல் விட்டோம்? 2002இலிருந்து நாடெங்கும் 300இற்கும் அதிகமான சிறிய பயிற்சி நிலையங்களைத் திறந்தது. பிள்ளை தன் ஊர்க் கழகத்திலேயே ஆடுவான். கிழமைக்கு ஒரு நாள் பக்கத்திலுள்ள நிலையத்தில் மேலதிகப் பயிற்சி. பிள்ளையை நகரத்துக்குக் கூப்பிடாமல் பயிற்றுநரைப் பிள்ளைக்கு அருகில் அனுப்புவதுதான் யோசனை. 2014இல் உலகக் கிண்ணம் வென்ற அணியில் பலர் இந்த ஏற்பாட்டின் காலத்தில் வளர்ந்தவர்கள்.

அதே அணியில் மிரோஸ்லாவ் குளோசே இருந்தார். அவர் இந்த ஏற்பாட்டுக்கு முந்தியவர். போலந்தில் பிறந்து, எட்டு வயதில் பாஷை தெரியாமல் ஜேர்மனிக்கு வந்த பிள்ளை. புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளின் கதை போலத்தான். எந்தப் பெரிய கழகத்தின் பயிற்சிப் பாடசாலையிலும் இருக்கவில்லை. தச்சுவேலை பழகிக்கொண்டு, இருபது வயதுவரை பிளாவ்பாஹ் என்ற சின்னக் கிராமத்துக் கழகத்தில் கீழ்நிலை லீக் ஆடினார். 2014இல் உலகக் கிண்ண ஆட்டங்களில் 16 கோல் என்ற சாதனையோடு முடித்தார். அவர் தப்பியது ஒரு காரணத்தால். அந்தக் கிராமத்துக் கழகம் அவருக்கு இருபது வயதாகும்வரை உயிரோடு இருந்தது.

நோர்வே இன்னும் ஒரு படி மேலே போனது. 1987இலேயே அந்த நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு பிள்ளைகளுக்கான விதிகளை வகுத்து, 2007இல் உரிமைகளாக விரித்தது. பதினொரு வயதுக்கு முன் பெறுபேற்றுப் பட்டியலோ தரவரிசையோ வைக்கக்கூடாது. பதின்மூன்றுக்கு முன் தேசியச் சாம்பியன் போட்டி கிடையாது. மீறினால் தண்டனையும் உண்டு. எங்கள் புலமைப்பரிசில் பெற்றோருக்கு இதை வாசிக்கத் தலை சுற்றும். எர்லிங் ஹாலண்ட் வளர்ந்தது அங்கேதான், பிரைன என்ற விவசாயப் பகுதிச் சிறு பட்டினத்தில். அந்தக் கழகத்தில் சுமார் 40 பிள்ளைகள் ஒரே குழுவாகப் பல வருடங்கள் ஒன்றாக ஆடினார்கள். எவரையும் வெட்டவில்லை. ஹாலண்டும் பதினைந்து, பதினாறு வயதுவரை மெலிந்த சின்னப் பையன்தான், பிறகுதான் உயர்ந்தார். உயரத்தைப் பார்த்து ஆள் எடுக்கும் ஊரில் பிறந்திருந்தால் அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்து பார்த்திருப்பார். ஹாலண்டின் தகப்பன் ஒரு தொழில்முறை வீரர் என்பதையும், நோர்வே எண்ணெய்க் காசுள்ள நாடு என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் எவரையும் வெட்டாமல் இருப்பதற்கு எண்ணெய்க் காசு தேவையில்லை.

அப்படியானால் காசு எங்கே தேவை? இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். வன்னியின் விளையாட்டுக்குப் புலம்பெயர் நாடுகளிலிருந்து வரும் காசில் பெரும்பகுதி ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டிகளுக்குப் போகிறது. இறந்துபோன தகப்பனின், சகோதரனின் பெயரில் ஒரு கிண்ணம், பணப்பரிசு, சீருடை, இரவு ஆட்டத்துக்கு ஒளி. அந்த நினைவு மதிக்கப்பட வேண்டியது. எங்களுக்கு நினைவு கூர்வதற்கு இடங்கள் குறைவு, மைதானம் அதில் ஒன்று. ஆனால் பணப்பரிசுச் சுற்றுப்போட்டியில் ஆடுவது யார்? வளர்ந்த, தெரிந்தெடுக்கப்பட்ட வீரர்கள். அயல் மாவட்டங்களிலிருந்து ஒரு நாளுக்குக் கூட்டிவரப்படுபவர்களும் உண்டு. கிண்ணம் போகும் அணிக்கு மறுநாள் அந்த ஊரில் ஒரு பந்தும் மிஞ்சுவதில்லை. அதே பெயரில், அதே காசில், ஊன்றுகோலோடு நிற்கும் அந்த மனிதருக்கு ஒரு வருடம் மாதக் கொடுப்பனவு கொடுத்து, பயிற்றுநர் சான்றிதழ்ப் பாடநெறிக்கும் அனுப்பினால் என்ன? ‘இன்னாரின் ஞாபகார்த்தப் பயிற்றுநர்’ என்று பதாகை வேண்டுமானால் அடிக்கலாம். படம் எடுத்து முகநூலில் போட அது அவ்வளவு வசதியில்லை என்பது மட்டும்தான் குறை.

பிந்தி வளர்பவனுக்கு இந்த நாட்டில் இருக்கும் இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். தெற்கில் பாடசாலையில் கவனிக்கப்படாத ஒருவன் பத்தொன்பது, இருபது வயதில் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் கழகங்களுக்குப் போகலாம். இலங்கையின் முதல்நிலை உதைபந்தாட்டத்தில் இந்தக் கழகங்கள் நீண்டகாலமாக ஆடுகின்றன. சம்பளம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் உண்டு. நெடுங்கேணியில் அந்தக் கதவைத் தட்டும்படி ஒரு தாயிடம் யார் போய்ச் சொல்வது? ஆகவே எங்கள் பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதுத் தெரிவும் பதினாறு வயதுத் தெரிவும் மற்றவர்களுக்கு இருப்பதைவிடக் கனமானவை. அதில் விடுபட்டவனுக்கு இரண்டாவது தெரிவு வராது. பெண் பிள்ளைகளுக்கு முதலாவதே அரிது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் அணி தேசிய மட்டத்தில் பல தடவை வென்றதைப் பார்த்துப் பெருமைப்படும் எங்கள் ஊர்களில், பெண்கள் அணியே இல்லாத பாடசாலைகள்தான் அதிகம்.

அன்று மாலை பட்டியல் வாசித்து முடிந்ததும், தெரிவானவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு சைக்கிள்களை எடுத்தார்கள். சின்னவன் போகவில்லை. மைதானத்தின் மூலையில் கிடந்த பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். அவன் வீடு கிட்ட என்பதால் அது அவனுடைய வழக்கமான வேலையாம். நான் ஆசிரியரிடம் கேட்டேன், தெரிவாகாதவர்களும் பயிற்சிக்கு வரலாமா என்று. அவர் கொஞ்சம் யோசித்தார். வரலாம், வந்தால் தான் தடுக்கமாட்டேன் என்றார். பிறகு பையைத் திறந்து பந்துகளை எண்ணினார். நாலு. அதில் ஒன்றுக்குக் காற்று நிற்பதில்லை. முப்பது பேர் வந்தால் எப்படிப் பிரிப்பது என்று கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் பார்க்கத் தொடங்கினார். சின்னவன் பக்கத்தில் நின்று அந்தக் கோடுகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வவுனியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.